பெருவிரல் பதிந்த கண்ணாடி: வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு

மகன் காய்ச்சலில் போய் மூன்று மாதம். அவன் கையால் செய்த ஏதாவது ஒன்று வீட்டில் இருக்கவேண்டும் என்று மனம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆய்வுகூடத்தில் அவனோடு வேலை செய்த மெரீனாவிடம் இருக்கிறதாம். போன சனிக்கிழமை அதை வாங்கப் போனேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. சொல்வதைத் தங்கை மகள் தட்டித் தருகிறாள்.

காலை எட்டரைக்குக் காலி வீதியில் புறக்கோட்டை பஸ் ஏறினேன். எட்டு, ஒன்பது கிலோமீற்றர்தான். கொள்ளுப்பிட்டி இராணுவச் சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கிச் சோதித்ததில் ஒன்றரை மணித்தியாலம் போனது. புறக்கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனையில் மெரீனா வீட்டுக்கு ஓட்டோ நூறு ரூபா.

மெரீனா தேத்தண்ணி தந்துவிட்டு அவர்களின் வேலையைச் சொன்னாள். குழாய் போன்ற அடுப்பில் கண்ணாடித் துண்டைச் சூடாக்கி, வெள்ளீயம் கலந்த திரவத்தை ஆவியாக்கி அதன் மேல் விடுவார்களாம். ஆவி கண்ணுக்குத் தெரியாத தோலாகப் படியும். பார்த்தால் வெறும் கண்ணாடி, ஆனால் மின்சாரம் ஓடும். மகன் செய்த ஒரு துண்டில் வயரும் பற்றரியும் வைத்துக் காட்டினாள். சின்ன பல்ப் எரியவில்லை. சிரித்துக்கொண்டு கண்ணாடியைப் புரட்டினாள், எரிந்தது. ஒரு பக்கம்தான் தோலாம்.

பிறகு இன்னொரு துண்டையும் எடுத்து வைத்தாள். அதன் மூலையில் புகை படிந்ததுபோல் ஒரு பெருவிரல் அடையாளம். கழுவிய கண்ணாடியை மகன் வெறுங்கையால் தொட்டு அடுப்பில் வைத்துவிட்டானாம். கைப்பசை தோலோடு சேர்ந்து வெந்துவிட்டது, இனித் துடைத்தாலும் போகாது.

"அது பழுது, அன்ரி. அவருக்குக் கையுறை எண்டாலே எரிச்சல். நல்லதைக் கொண்டு போங்க."

"பழுதானதைத் தா பிள்ளை."

திரும்பும்போது சோதனைச்சாவடியில் ஓர் இளம் ஆமிக்காரன் கண்ணாடியைச் சுற்றியிருந்த பேப்பரைப் பிரித்து, இது என்ன என்று கேட்டான். எனக்குத் தெரிந்தது சந்தைச் சிங்களம். "மகே புத்தாகே வெட," என் மகனுடைய வேலை என்றேன். அவன் அடையாளத்தைக் கண்டு, ஊத்தை என்று நினைத்து, துடைக்கச் சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்தான்.

"எப்பா, மல்லி."

வேண்டாம் தம்பி என்றேன். போகாது என்று தெரிந்தும் வாய் முந்திவிட்டது. மகன் எங்கே என்று கேட்டான். இல்லை என்றேன். விளிம்பில் பிடித்து, தானே பேப்பரில் சுற்றித் தந்தான்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் அடையாள அட்டையைக் கையிலேயே வைத்திருங்கள். வயர், பற்றரி பையில் வேண்டாம், குண்டு என்று சந்தேகப்படுவார்கள்; பல்ப் எரித்துப் பார்க்க மெரீனா தந்ததை நான் அவள் வீட்டிலேயே விட்டுவிட்டேன். மத்தியானத்துக்கு முன் திரும்பினால் பஸ்ஸில் இருக்க இடம் கிடைக்கும்.

கண்ணாடி இப்போது சாமித்தட்டில் இருக்கிறது. இன்று காலை அந்த அடையாளத்தின் மேல் என் பெருவிரலை வைத்துப் பார்த்தேன். அவனுடையது சுற்றிவரக் கொஞ்சம் வெளியே தெரிந்தது.