கோட்டை மானும் மூன்று வாளிகளும்

விடிகாலையில் குழாயில் தண்ணீர் வரும்போது வாளிகளை நிரப்புவது மங்களாவின் வேலை. லிங்கநகர் வீட்டின் பின்வளவில் இருந்த அந்தக் குழாய் முதலில் இருமும், பிறகு காற்றைத் துப்பும், அதற்குப் பிறகுதான் தண்ணீர் விடும். மூன்று தகர வாளிகள். பெரியதை விளிம்பு முட்ட நிரப்புவாள். மற்ற இரண்டின் உட்புறத்திலும் அக்காவின் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தாள். தண்ணீர் கோட்டைத் தொட்டதும் குழாயை மூடிவிட்டு, அகப்பைக் காம்பால் வாளியைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பாள். கொஞ்சம் கூடிவிட்டால் ஒரு சிரங்கைத் தண்ணீர் அள்ளி முருங்கையடியில் ஊற்றுவாள். திரும்பவும் தட்டுவாள்.

"தண்ணி பிடிக்கிறியோ, மேளம் அடிக்கிறியோ?" என்று குசினிக்குள் இருந்து தாய் குணமணி கேட்பாள்.

"ரெண்டுந்தான் அம்மா. நடு வாளியில மட்டும் கை வைச்சிராதேங்கோ."

குணமணி கை வைப்பாள். உலையில் அரிசி கொதித்துத் தண்ணீர் வற்றும்போது எந்த வாளி கிட்டே இருக்கிறதோ அதில்தானே அள்ள முடியும்? பள்ளிக்கூடம் விட்டு வந்த மங்களா தட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, நடு வாளிக்குத் தொண்டை கட்டிப்போட்டுது, கீச்செண்டு கத்துது!" என்று அழுமாப்போல நிற்பாள். இன்றைக்கும் போன வீட்டில் ஒரு வாளியைக் கண்டால் அவளுடைய விரல் சும்மா இராது.

அந்த வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள். மூத்தவள் யசோதினி. நடுவிலே மங்களா, அவளுக்கு இரண்டு வயது இளையவள். கடைசி ரதி, அப்போது பால்பல் விழுந்துகொண்டிருந்தாள். தகப்பன் சாமித்தம்பி மூதூருக்குக் கடல்வழியே போய்வரும் லாஞ்சில் இயந்திரம் பார்த்தார். பக்கத்துத் தெருவில் இருந்த பறங்கிக் குடும்பம் ஒஸ்ரேலியாவுக்குப் போனபோது ஒரு கிற்றாரை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. ஆறு தந்தியில் நாலுதான் இருந்தன. யசோ அந்த நாலையும் வைத்துக்கொண்டு, வானொலியில் ஆங்கிலப் பொப் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு, தானாகவே வாசிக்கப் பழகினாள். ரதியின் கையில் சோடா மூடிகள் போட்டுக் குலுக்குகிற பால்மா ரின். மங்களாவுக்கு வாளிகள். அவள் அடிக்கும் தாளம் அப்பாவின் லாஞ்சு இயந்திரத்தின் தாளம். நாலு அடி ஓடி ஐந்தாவதில் ஒரு தடவை தடக்கும்.

"உந்தத் தடக்கல் என்ர லாஞ்சின்ர வருத்தம் பிள்ளை," என்றார் சாமித்தம்பி. "அதையும் பாட்டில போட்டிட்டாய்."

"அதுதானப்பா நல்லாயிருக்கு."

சினிமாப் பாட்டு ஒன்றும் படிப்பதில்லை என்பது யசோ வைத்த சட்டம். "படப் பாட்டுப் படிச்சா ஊரெல்லாம் பிழை பிடிக்கும். எங்கட பாட்டெண்டா ஆர் பிழை பிடிக்கிறது?" என்றாள். அதனால் எல்லாம் சொந்தப் பாட்டு. லாஞ்சு பிந்தி வருகிற பாட்டு. அம்மாவின் பருப்பு அடிப்பிடித்த பாட்டு. ஊரடங்கு போட்ட நாட்களில் வேறு போக்கிடம் இல்லாததால் பாட்டுகள் பெருகின. தங்களுக்கு 'மூண்டு வாளி' என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள்.

மான் பாட்டுப் பிறந்தது கோட்டை வாசலில். வெள்ளிக்கிழமைகளில் மலையில் இருக்கிற கோயிலுக்குப் போவதென்றால் கோட்டைக்குள்ளால்தான் போகவேண்டும். கோட்டைக்குள் இராணுவம். வாசலில் பெரியவர்கள் 'ஐசி' என்கிற அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அட்டை இல்லை. அவர்கள் ஓரத்தால் போகலாம். புள்ளிமான்களும் ஓரத்தால் போகும். ஒருநாள் ஒரு கிழட்டு மான் காவல்காரனின் காலணியை முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே நடந்தது. அன்று வீட்டுக்கு வரமுதலே யசோ பாட்டைக் கட்டி முடித்துவிட்டாள்.

"மானே மானே கோட்டை மானே
ஐசி எங்க, பாஸ் எங்க?
வாலை ஆட்டிப் போறாய் தானே
வரிசையில நாங்க இங்க!"

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் மூன்று பேரும் கைகோத்துக்கொண்டு, அந்தப் பாட்டைப் படித்தபடிதான் காவல்காரர்களைக் கடந்து ஓடுவார்கள். காவல்காரர்களுக்குத் தமிழ் விளங்காது. மெட்டுப் பிடிக்கும். ஒருவன் தலையை ஆட்டுவான். குணமணி வரிசையில் நின்று பல்லைக் கடிப்பாள்.

யசோவுக்குப் பதினாறு முடிந்து அட்டை வந்த மாதத்தில்தான் கதிர்காமத்தம்பி வீட்டுக்கு வந்தார். அவர் சனசமூக நிலையத்தின் செயலாளர். சிறுவர் மாலை என்று பிள்ளைகளின் நிகழ்ச்சி ஒன்று வைக்கப்போகிறாராம்.

"உங்கட பிள்ளையள் ஏதோ வாளியில அடிச்சுப் படிக்கினமாம். ஒருக்கால் கேப்பமே?"

கேட்டார். பருப்புப் பாட்டுக்குச் சிரித்தார். மான் பாட்டுக்குக் கதிரையை விட்டு எழும்பிப் போய் வாசலில் நின்று இருமி இருமிச் சிரித்தார்.

"உதால பிரச்சினை ஒண்டும் வராதே அண்ணை?" என்றாள் குணமணி.

"மானைப் பிடிச்சு உள்ளுக்க போடுவாங்களே தங்கச்சி? விடுங்கோ. அதைக் கடைசியாப் படிக்கட்டும்."

பின்வளவை விட்டு வெளியே, ஒரு மேடையில், ஆட்கள் கதிரை போட்டு இருந்து கேட்க வாசிப்பது என்பது மங்களாவுக்கு அதுவரை நினைப்பில் மட்டும் இருந்த விஷயம். அன்றிலிருந்து அவளுக்கு வேறு கதை இல்லை. பள்ளிக்கூட மேசையிலும் அதே தாளம்தான். "மங்களா, பென்சிலைக் கீழ வை!"

சிறுவர் மாலைக்கு முந்திய வெள்ளிக்கிழமை வழக்கம்போலக் கோயிலுக்குப் போனார்கள். குணமணியின் வரிசை முதலில் நகர்ந்தது. அவளும் சின்னவர்கள் இருவரும் உள்ளே போய் மரத்தடியில் நின்றார்கள். யசோ முதல்முறையாகத் தன் அட்டையோடு பின்னால் வந்தாள். மங்களா தூரத்தில் நின்று பார்த்தாள். காவல்காரன் அட்டையைத் திருப்பிப் பார்த்தான், யசோவின் முகத்தைப் பார்த்தான், சிரித்தான், ஏதோ சொன்னான். யசோவின் வாய் அசைந்தது. அவன் காலால் தாளம் போட்டான். பிறகு யசோ வந்தாள்.  

வீட்டுக்கு வந்ததும் மங்களா தொடங்கினாள். "அம்மா, அவன் எங்கட பாட்டுக்குத் தாளம் போட்டவன்! 'மூண்டு வாளி'யின்ர முதல் ரசிகன் கோட்டை வாசலில நிக்கிறான்!"

"நான் மான் பாட்டுப் படிக்கமாட்டன்," என்றாள் யசோ.

"எங்க?"

"சனசமூக நிலையத்தில. மற்றது ரெண்டும் படிக்கிறன். அது ஏலாது."

"உனக்கென்ன விசரே அக்கா? அதுதான் நல்ல பாட்டு. அவனுக்கே பிடிச்சிருக்கு."

யசோ கிற்றாரின் உறையை மடித்தாள். "அவன் எங்கட மெட்டை முணுமுணுத்தவன். பிறகு 'பாட்டு, பாட்டு' எண்டான்."

"படிச்சனியோ?"

"என்ர ஐசி அவன்ர கையில இருந்தது."

மங்களா கிட்டே வந்தாள். "அவன் ஏசினவனோ? அடிக்க வந்தவனோ?"

"இல்லை. சிரிச்சவன். நல்ல பெடியன் மாதிரித்தான் இருந்தவன்."

"பிறகென்ன? எத்தினை தரம் அவையளுக்கு முன்னால படிச்சனாங்கள். நீதானே முதல் தொடங்கிறது."

"அப்ப என்னட்டை ஐசி இல்லை."

அது மங்களாவுக்கு ஒரு காரணமாகவே படவில்லை. அக்காவுக்குப் பதினாறு ஆனதும் தலைக்கனம் வந்துவிட்டது, வாளிக்காரிகளோடு நிற்க வெட்கப்படுகிறாள் என்று ரதியிடம் சொன்னாள். ரதி அதை அப்படியே கொண்டுபோய் யசோவிடம் சொன்னாள். இரண்டு நாள் ஒரே பாயில் முதுகைத் திருப்பிக்கொண்டு படுத்தார்கள்.

சிறுவர் மாலையன்று சாமித்தம்பி மூன்று வாளிகளையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். நிலையத்துக் கிணற்றில் தண்ணீர் அள்ளிக் கோடு வரை ஊற்றினார்கள். முன்வரிசைக் கிழவர் ஒருவர், "ஆருக்குப் பிள்ளையள் முழுக்கு?" என்று கேட்டார். லாஞ்சுப் பாட்டு முடிந்தது. பருப்புப் பாட்டு முடிந்தது; குணமணி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். யசோ கிற்றாரைக் கதிரையில் சாய்த்துவிட்டு மேடையை விட்டு இறங்கினாள். சண்டைபிடித்தவள்போல் இல்லாமல், தண்ணீர் குடிக்கப் போகிறவள்போல் போனாள்.

மங்களா தானே படித்தாள். அவளுக்கு அக்காவின் குரல் இல்லை. தொண்டை கிழியப் படித்தாள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. திரும்பவும் படிக்கச் சொன்னார்கள். இரண்டாம் தரம் படிக்கும்போது யசோ எங்கே என்று பார்த்தாள். கதவடியில் நின்றாள். அவள் சிரிக்கவில்லை. ஆனால் கை, தன்னை அறியாமல், கதவு நிலையில் அந்த ஐந்தாவது அடியைத் தட்டிக்கொண்டிருந்தது.

வீட்டில் யசோ, "நல்லா அடிச்சனி," என்றாள். "கடைசியில கொஞ்சம் ஓடிட்டாய்."

அதோடு கோபம் தீர்ந்தது. ஆனால் யசோ அதற்குப் பிறகு புதுப்பாட்டு ஒன்றும் கட்டவில்லை. அடுத்த வருடம் கொழும்பில் சின்னம்மா வீட்டில் நின்று தட்டெழுத்துப் படிக்கப் போனாள். கிற்றாரை விட்டுவிட்டுப் போனாள். மங்களா நாலு தந்தியிலும் மாறி மாறித் தடவிப் பார்த்துவிட்டு வாளிகளுக்கே திரும்பினாள். குழுவை விடவில்லை. ரதிக்குப் பாட்டுப் பழக்கினாள். ஒரு பள்ளிக்கூட விழா, ஒரு கலியாண வீடு. எங்கே போனாலும் கடைசியில் மான் பாட்டு. லாஞ்சில் பயணச்சீட்டுக் கொடுக்கும் மூதூர் றஊப்கூட, "சாமித்தம்பி அண்ணன், அந்த மான் என்ன சொல்லுது?" என்று கேட்கத் தொடங்கிவிட்டான்.

பதினாறு முடிந்து மங்களாவின் அட்டையும் ஒரு புதன்கிழமை வந்தது. படத்தில் கண் பாதி மூடியிருந்தது. "ஐசியில நித்திரை கொள்ளுறா!" என்று ரதி வீடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

வெள்ளிக்கிழமை கோட்டை வாசலில் வேறு காவல்காரன். அவன் அட்டையை வாங்கினான். படத்தைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். இன்னொரு தரம் படத்தைப் பார்த்தான். அவ்வளவு நேரமும் மங்களா அவன் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கொடுத்தான். அவள் நடந்தாள். ரதி ஓரத்தால் பாடிக்கொண்டு முன்னே ஓடினாள். அவளுக்குப் பின்னால் இரண்டு மான்கள் போயின.

பின்னேரம் மழை. வாளிகளை உள்ளே அறைக்குள் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ரதி நடு வாளியின் முன் சப்பாணி கட்டி இருந்து, தண்ணீரைக் கோட்டுக்குச் சரிபண்ணிக்கொண்டிருந்தாள்.

"சின்னக்கா, அவன் பாட்டுப் படிக்கச் சொன்னவனோ?"

"இல்லை."

"ஏதும் கேட்டவனோ?"

"ஒண்டும் கேக்கேல்லை."

"அப்ப சரி. வா, மான் பாட்டுப் படிப்பம். கலியாண வீட்டில படிக்க இன்னும் ரெண்டு நாள்தானே இருக்கு. நீ தொடங்கு."

மங்களா அகப்பையை எடுத்தாள். வாளியைத் தட்டினாள். வாளியின் குரல் சரியாகத்தான் இருந்தது. நாலு அடி ஓடியது. ஐந்தாவதில் கை நின்றது.

"ஏன் சின்னக்கா? ஒண்டும் நடக்கேல்லை எண்டுதானே சொன்னனீ?"

மங்களா அகப்பையை வாளியின் மேல் குறுக்கே வைத்தாள். அட்டையைச் சட்டைப்பையில் இருந்து எடுத்து அலுமாரிக்குள், அம்மாவின் சேலைகளுக்கு அடியில் செருகினாள்.

"சொல்லன் சின்னக்கா. பிறகு ஏன்?"

"இப்ப என்னட்டையும் ஐசி இருக்கு," என்று சொல்லி, அலுமாரிக் கதவைச் சாத்திவிட்டு மங்களா குசினிப் பக்கம் போனாள்.