வாயில் வராத ஒரு சொல்

ஐம்பதுகளின் கடைசியில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். ஒன்றுபோல ஒலிக்கும் இங்கிலீஷ் சொற்களை ஜோடி ஜோடியாக ரிசீவரில் சொல்ல வேண்டும். அடுத்த அறையில் கேட்கும் துரைசானிக்கு இரண்டும் வேறு வேறாக விளங்க வேண்டும். அதுதான் பரீட்சை. தேறாவிட்டால் அடுத்த கப்பலில் நாகப்பட்டினம் போய், நான் பார்த்தேயிராத மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அம்மா அதில் தீர்மானமாக இருந்தாள்.

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் வாடகை வீட்டில் அண்ணன்தான் சொல்லிக்கொடுத்தான். ஷிப், ஷீப். பெட், பேட். காஃபிங் என்றால் இருமல், காஃபின் என்றால் சவப்பெட்டி. பொருளையும் உரக்கச் சொன்னானே, மடையன்! அம்மா காதில் விழுந்துவிட்டது. அண்ணிக்கு அப்போது நிறைமாதம்.

"பிள்ளைத்தாச்சி இருக்குற வீட்டுல என்ன பேச்சுடா இது?"

"வெறும் படிப்புதான் லா, அம்மா."

"வாயக் கழுவுங்க ரெண்டு பேரும்!"

அதோடு அந்த ஜோடியை விட்டுவிட்டோம். இருக்கிற சொல்லிலெல்லாம் அதுவா வரப்போகிறது என்று நினைத்தேன்.

வந்தது. தாளில் அதே ஜோடி. 'காஃபிங்' சுத்தமாக வந்தது. அடுத்ததற்கு உதடே பிரியவில்லை. கண்முன் அண்ணியின் வயிறுதான் நின்றது. துரைசானி எழுந்தே வந்துவிட்டாள். தொண்டை கட்டிவிட்டதென்று புளுகினேன். நாளைக் காலை வா, அதற்குமேல் கிடையாது என்றாள்.

வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றியிருந்தார்கள். நடந்ததை அண்ணியிடம் மட்டும் கிசுகிசுத்தேன். அதிர்ந்து பேசாத அந்த அண்ணி, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"காஃபின்!" என்று விளக்குக்கு நேராகக் கத்தினாள். "காஃபின், காஃபின்! வயித்துல சுமக்குற நானே சொல்லிட்டேன். இனி நீ சொல்றதுக்கு என்ன? மொகம் தெரியாத ஆளுக்குன்னு என்னையும் இப்படித்தான் கப்பல் ஏத்துனாங்க. நீ ஏறாதே!"

அம்மாவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அந்த முகம் தெரியாத ஆள், என் அண்ணன், கதவருகே நின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் போய்ச் சொன்னேன். வேலை கிடைத்தது. குழந்தை பிறந்து வீறிட்டு அழும்வரை அம்மா என்னிடமும் அண்ணியிடமும் பேசவில்லை. அண்ணி வாயிலிருந்து நான் கேட்ட ஒரே இங்கிலீஷ் சொல் அதுதான்.