பின்சீற்றில் வந்த துவக்கு

பொலிஸ்காரர் கை காட்டினால் நிறுத்தாமல் போக எனக்கென்ன விசரா? நிறுத்தினேன். மகளுக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்க, அடம்பனிலிருந்து மன்னார் ரவுணுக்கு என் ஓட்டோவில் போய்க்கொண்டிருந்த சனிக்கிழமை மத்தியானம் அது. பின்சீற்றில் இருந்த மகளுக்குப் பதினொரு வயது. சண்டை முடிந்த பிறகு பிறந்தவள்.

வந்தவர் தெற்குப் பக்கத்துச் சிங்கள இளைஞர். கண்கள் சிவந்திருந்தன. இரவு முழுக்க மாட்டுக் களவுகாரரைத் தேடித் திரிந்ததாகவும், மோட்டார் சைக்கிள் பழுதாகிவிட்டதாகவும், ரவுணில் இறக்கிவிடும்படியும் உடைந்த தமிழில் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு ரி-56 துவக்கு தொங்கியது. மாடு களவெடுக்கிறவனைப் பிடிக்க, ஒரே அமுக்கில் முப்பது குண்டு துப்புகிற சாமான்! சண்டைக்குச் செய்ததை ஊர்ப் பொலிசுக்கு ஆர் கொடுக்கிறார்கள் என்று எனக்கு எப்போதும் எரிச்சல்தான். ஒரு தடியும் ஒரு ரோச் லைற்றும் போதாதா? ஆனால் எரிச்சலை முகத்தில் காட்டாமல் இருக்கப் பழகிப் பல வருடமாகிவிட்டது.

அவர் குனிந்து ஏறியபோது துவக்கின் வலப்பக்கம் என் கண்ணுக்கு நேரே வந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு இரும்புத் தட்டு உண்டு. அது மேலே இருந்தால் துவக்கு பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். நடுவில் இருந்தால், விசையில் விரல் பட்டதும் வெடிக்கத் தொடங்கும். விரலை எடுக்கும்வரை நிற்காது. தட்டு நடுவில் நின்றது. உள்ளே குண்டு ஏறியிருந்ததோ இல்லையோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

எனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்? சண்டையின் கடைசிக் காலத்தில், வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் பிடித்துப்போய் மைதானத்தில் நிறுத்திப் பத்து நாள் பழக்கினார்கள். நான் ஒரு வெடிகூட வைத்ததில்லை. பிறகு ஆமியின் முகாமில் மேசைக்கு மேசை கேட்டார்கள், பயிற்சி எடுத்தாயா என்று. இல்லை என்றேன். அந்த ஒரு 'இல்லை'யால்தான் வீட்டுக்கு வந்தேன், கலியாணம் கட்டினேன், இந்தப் பிள்ளையைப் பெற்றேன். பூட்டுத் திறந்திருக்கிறது சேர் என்று இப்போது சொன்னால், அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்?

வாயை மூடிக்கொண்டு ஓட்டோவை எடுத்தேன்.

தள்ளாடிச் சந்தியைத் தாண்டுவதற்குள் அவர் நித்திரையாகிவிட்டார். துவக்கைக் கழுத்திலிருந்து கழற்றி, அடிக்கட்டையைக் கீழே ஊன்றி, முழங்கால்களுக்கு நடுவில் வைத்திருந்தார். கை தளர்ந்து, விரல் விசைக்குப் பக்கத்தில் தொங்கியது. றோட்டின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் குழல் கொஞ்சம் கொஞ்சமாக மகள் பக்கம் சாய்ந்தது.

மன்னார்த் தீவுக்குப் போகிற பாலத்தில் ஏறினோம். அங்கே காற்றில்லாத நாளை நான் கண்டதில்லை. அன்று காற்றில்லை. இரண்டு பக்கத்துக் கடலும் அசையவில்லை. தூரத்தில் தீவின் கரண்ட் எடுக்கிற பெரிய காற்றாடிகள் எல்லாம் நின்றுபோயிருந்தன. முன்னாலும் பின்னாலும் ஒரு வாகனம் இல்லை. என் ஓட்டோவின் சத்தம்கூட வேறெங்கோ தூரத்தில் கேட்பது போலிருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். குழலின் வாய் மகளின் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாலம் முடிகிற இடத்தில் கழுதைகள். ஐந்தாறு, றோட்டை மறித்துக்கொண்டு, எங்களைப் பார்த்தபடி நின்றன. எங்கள் ஊர்க் கழுதைகள் ஹோர்ன் அடித்தாலும் யோசித்துத்தான் நகரும். அடித்தால் இவர் திடுக்கிட்டு எழும்புவார். பிரேக்கை இறுக்கினால் துவக்கு விழும். மாதாவே என்று மனதுக்குள் கூப்பிட்டுக்கொண்டு, முட்டைக்கூடையை இறக்கிவைப்பது போல வண்டியை மெல்ல மெல்ல நிறுத்தினேன். கழுதைகள் அசையவில்லை. நாங்களும் அசையவில்லை. எவ்வளவு நேரமோ தெரியாது. சொல்லு, சொல்லு என்று நெஞ்சு அடித்தது.

மகள்தான் பேசினாள். ரீச்சரிடம் சொல்வது போல, மெதுவாக.

"அங்கிள், உங்கட துவக்கு என்ர தலைக்கு நேர நிக்குது."

அவர் கண் திறந்தார். குழலை அவசரமாக வெளிப்பக்கம் திருப்பினார். அப்போதுதான் தட்டைக் கண்டார். முகம் வெளிறிப்போனது. டக் என்று அதை மேலே தள்ளினார். பதினைந்து வருடத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டேன். என் தோள் தானாகக் குலுங்கியது. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"ஐயா, நீங்க முதல்லயே பாத்ததா?"

"எனக்கு உதொண்டும் தெரியாது, சேர்."

கண்ணாடியில் கொஞ்சநேரம் என்னைப் பார்த்தார். கழுதைகள் விலகியதும் வண்டியை எடுத்தேன். ரவுணில் இறங்கும்போது மகளின் தலையில் கை வைத்து மன்னிப்புக் கேட்டார். நல்ல பொடியன்தான், பாவம். அந்தச் சாமானை அவர் கையில் கொடுத்தவர்கள் மேல்தான் கோபம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சப்பாத்துக் கடைக்கு முன்னால் நிறுத்தினேன். மகள் இறங்கவில்லை.

"அப்பா, நீங்கள் அந்தத் தட்டைத்தானே பாத்துக்கொண்டு வந்தனீங்கள். உங்களுக்குத் தெரியும். ஏன் சொல்லேல்லை?"

முகாமில் சொன்ன அதே குரலில், இல்லைப் பிள்ளை, அப்பாவுக்கு அதெல்லாம் தெரியாது என்றேன்.

திரும்பி வரும்போது அவள் எனக்கு நேர் பின்னால் போய் இருந்தாள். பாலத்தில் நான் கண்ணாடியை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தேன். அவள் அதில் விழவேயில்லை.