சோறு தொடாத பிம்சாய்

பிம்சாய்க்குப் பகலில் சந்தபுரி ஊரின் டுரியான் கிடங்கில் முள்தோல் பழம் பிளக்கிற வேலை, மாலையில் உதையும் முழங்கையும் செல்லுபடியாகும் குத்துச்சண்டை. நாற்பது சண்டைகளில் மூக்கு இருமுறை உடைந்திருக்கிறது. அவள் முழங்கையால் கிழித்த புருவங்களுக்குக் கணக்கே இல்லை.

அடுத்த சண்டைக்கு நாற்பத்தெட்டு கிலோதான் இருக்க வேண்டும். பத்து நாளாகியும் தராசு முள் ஐம்பதை விட்டு இறங்கவில்லை.

“என்னத்தடி தின்னு தொலைக்கிற?” என்றார் மாஸ்டர் பிரசோங்.

“ஒரு பருக்கை சோறு தொடல மாஸ்டர்.”

அது பொய்யில்லை. அந்த ஊரில் சோறு உள்ளே போனால்தான் சாப்பாடு, மற்றதெல்லாம் கொறிப்பு.

வழக்கமான பயிற்சிக்காக, வயிற்றை இறுக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு மாஸ்டர் உதைத்தார். மூன்றாவது உதையில் அவள் மேடையிலேயே வாந்தியெடுத்தாள். மஞ்சள் மஞ்சளாக வந்தது, டுரியான் நாறியது.

“இது என்னடி?”

“பழம்தானே மாஸ்டர். வெடிச்ச பழமெல்லாம் வீணாப் போகுதேன்னு...”

“அத்தனையும் சர்க்கரைடி, எருமை. அதுக்கு நாலு தட்டு சோத்தையே தின்னிருக்கலாம். இனிமே ஒரு நாளைக்கு ஒரே ஒரு சுளை.”

பிம்சாய் வாயைத் துடைத்துக்கொண்டாள். “சுளை பெருசா, சின்னதா?” என்று கேட்டபடியே அவள் திருப்பி விட்ட உதையில் மாஸ்டரின் உதடு கிழிந்தது.

அவர் ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னார். “சின்னது.”