ஒரே கம்ப்யூட்டரில் ரெண்டு தமிழ்

சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற பிரஸ்ஸில் டிசைன் வேலை எனக்கு. இருப்பது ஒரே கம்ப்யூட்டர். மதியம் வரை நான். அப்புறம் என்னைவிட மூத்த அண்ணாச்சி. முதலாளியின் மருமகன், காசு மிச்சம் என்று அதில் விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸைப் போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

அண்ணாச்சி பழைய டைப்ரைட்டர் முறையில் தட்டுவார். நான் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைக்கிற சோம்பேறி. ரெண்டு முறையும் செட்டிங்ஸில் அடுத்தடுத்து இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அண்ணாச்சி வீட்டுக்குப் போகுமுன் தினமும் என்னுடையதை நீக்கிவிடுவார்.

"மாத்தும்போது இடைஞ்சலா இருக்கு தம்பி. ஒங்களுக்குத்தான் திருப்பிச் சேக்கத் தெரியும்ல?"

தெரியும். காலையில் வந்ததும் சேர்ப்பேன். ஒருநாள் மறந்துவிட்டேன். மூலையில் 'தமிழ்' என்றுதான் காட்டியது. அது அவருடைய தமிழ். புஸ்வாணப் பெட்டிக்கு 'பூச்சட்டி' என்று தட்டினேன். வந்ததை வாயால் சொல்ல முடியாது. பின்னால் முதலாளி, கூடவே ஆர்டர் கொடுக்க வந்த பட்டாசுக் கம்பெனிக்காரர்.

"ஏலே, தமிழே தெரியாமத்தான் இம்புட்டு நாளா லேபிள் போட்டியா?"

கம்பெனிக்காரர் சிரித்தார். அன்றே என் நாற்காலி போனது. முழுநேரமும் அண்ணாச்சி; நான் கீழே லேபிள் கட்டு கட்டினேன். சணலை அண்ணாச்சி கழுத்தில் சுற்றுவதாக நினைத்து இறுக்குவேன். என் கட்டு மட்டும் அவிழ்வதே இல்லை என்று பாராட்டு வேறு.

சீசனுக்குள் நாற்காலி திரும்ப வேண்டும், அவரும் அதேபோல் அசிங்கப்பட வேண்டும். அவர் சாப்பிடப் போன நேரம், என்னுடைய தமிழைச் சேர்த்தேன். சீனம், ஜப்பான், கொரியா மூன்றையும் இறக்கி முன்னால் நிறுத்தினேன். தேடட்டும்.

வந்து தட்டினார். சீன எழுத்துகள் பெட்டியாய் விரிந்தன. பதறி ஸ்பேஸ் கட்டையை அமுக்க, லேபிளில் முருகன் படத்துக்குக் கீழேயே அவை உட்கார்ந்துகொண்டன. சீனப் பட்டாசு என்றாலே எரிகிற ஊர் எங்களுடையது. நானே அவ்வளவு எதிர்பார்க்கவில்லை.

"யோவ், என் பிரஸ்ல உக்காந்து சீனாக்காரனுக்கு லேபிள் போடுறீரா?" முதலாளியின் சத்தம் கீழே வரை கேட்டது.

"முருகன் சத்தியமா தமிழ்தான் அடிச்சேன் முதலாளி!"

முகத்தில் கவலையை ஒட்டிக்கொண்டு மேலே ஓடினேன். "தள்ளுங்க அண்ணாச்சி, நான் பாக்கேன்." உட்கார்ந்தேன். சீனத்தைத் தூக்கினேன். ஜப்பான் போனது, கொரியாவும் போனது.

"மிச்சம் ரெண்டு என்னலே?"

"ரெண்டும் தமிழ், முதலாளி."

"ரெண்டு தமிழ் எதுக்கு? ஒண்ணத் தூக்கு!"

அண்ணாச்சி என் காதருகே குனிந்தார். "தம்பி, என்னோடத விட்ருங்க."

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவருடையதை நீக்கினேன்.

இப்போது சீசன். ரெண்டு பேர் வேலையும் என் தலையில். முதுகு விட்டுப்போச்சு, கண் எரிகிறது. அண்ணாச்சி கட்டு கட்டி முடித்து, சாயங்காலம் முகம் கழுவி, டிபன் பாக்ஸோடு எட்டிப் பார்க்கிறார்.

"இன்னும் முடியலையா தம்பி? ஒடம்பப் பாத்துக்கிடுங்க."

அவருடைய தமிழைத் திரும்பச் சேர்த்தால் பாதி வேலை குறையும். ஒரு நிமிஷம்கூட ஆகாது. சேர்க்க மாட்டேன்.