முகிலூரின் முதல் இருபது நிமிடம்

ஓய்வு பெற்ற நடத்துநர் இளங்கோவனுக்கு எதைக் காட்டினாலும், அதைவிட நல்லது ஒன்று முகிலூரில் இருந்தது. தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்த அன்று எல்லோரும் குழாய்க்கு மாலை போட்டார்கள். முகிலூரில் மோட்டார் போடாமலே தண்ணீர் வரும் என்று இவர் மட்டும் வருத்தப்பட்டார். ஒரகடத்துக் கம்பெனியில் வேலை கிடைத்த செய்தியோடு மகள் பிரவீனா இனிப்பை நீட்டியபோது, முகிலூரில் யாரும் ஷிப்டுக்குப் போனதில்லை என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதோடு விட்டாரா என்றால் இல்லை, சொல்லவும் சொன்னார்.

முகிலூர் எந்த மாவட்டத்திலும் இல்லை. ஐம்பது வருடங்களுக்கு முன் டூரிங் டாக்கீஸில் ஓடிய ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில், அருவிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஊர் அது. அங்கே ராஜா கிடையாது, வரி கிடையாது, எந்த வீட்டுக்கும் பூட்டு கிடையாது. பதினெட்டுப் பாட்டு உண்டு. வேலை செய்கிற ஆள் ஒருவரும் கண்ணில் படமாட்டார், ஆனால் சோறு மட்டும் வேளை தவறாமல் இலையில் விழும். இப்படி ஒரு ஊரைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது, அந்தச் சோற்றை வடித்தது யார் என்பதுதான். இளங்கோவன் கேட்டதில்லை. பாட்டு அவ்வளவு நன்றாக இருந்தது.

படத்தைப் பதினோரு தடவை பார்த்தவர் அவர். முகிலூரை உத்தேசித்து வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடாமல் படுத்து, மூன்று சைக்கிள்களையும் ஒரு கிரைண்டரையும் பறிகொடுத்தவர். "அவன் அந்தப் படத்தைப் பாக்காதவன்மா, அவன் மேல தப்பு சொல்லக் கூடாது" என்று திருடனுக்காக மகளிடம் வாதாடியவர்.

அவர் குடியிருந்தது, முசரவாக்கம் போகும் சாலையை ஒட்டிப் பிரித்த மனைகளில் ஒன்றில். அதே தெருவில் வீடு கட்டியிருந்த ராஜகோபாலின் அப்பாவுக்கு அது நெல் விளைந்த நிலம். இளங்கோவனின் அப்பா அதே நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். இப்போது ராஜகோபால் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், இளங்கோவன் உறுப்பினர். பழைய விஷயத்தை இருவரும் பேசுவதில்லை. நாகரிகம் என்று அதற்குப் பெயர்.

தெருவின் பின்கோடியில் காலனி. இளங்கோவன் பிறந்த இடம். அவருடைய அக்கா காமாட்சியம்மாள் எழுபது வயதில், வீங்கிய முழங்காலோடு, இன்னும் அங்கேதான் இருக்கிறாள். காலனிக்காரர்கள் பேருந்துக்குப் போக இந்தத் தெருவழியே நடப்பார்கள். வேறு வழியில் போனால் ஏரிக்கரையைச் சுற்றி ஒன்றரை கிலோமீட்டர்.

போன ஆனி மாதம் சங்கக் கூட்டத்தில் ராஜகோபால் எழுந்து, தெருவின் பின்கோடியில் இரும்புக் கதவு போட்டுப் பூட்ட வேண்டும் என்றார். பட்டுச் சேலை எடுக்க வருகிறவர்களின் வேன்கள் தெருவில் நிற்கின்றன, நாய்த் தொல்லை, பாதுகாப்பு இல்லை, கண்ட வெளியாட்கள் தறி நாடா மாதிரி இங்கேயும் அங்கேயும் ஓடுகிறார்கள் என்று காரணங்களை அடுக்கினார். வேன்கள் முன்கோடி வழியாக வருகிறவை. நாய்கள் எந்தக் கோடியையும் மதிக்காதவை. மிச்சமிருந்தது வெளியாட்கள். அவர்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

 அது என் அக்கா வரும் வழி என்று இளங்கோவன் சொன்னால் ஒரு நொடியில் முடிகிற பேச்சு. ஆனால் இருபது வருடமாக இந்தத் தெருவில் அவர் 'கண்டக்டர் சார்'. எங்கிருந்து வந்தவர் என்பதை எல்லோரும் பெருந்தன்மையோடு மறந்திருந்தார்கள். அதை அவரே ஞாபகப்படுத்துவதா? எழுந்தார். முகிலூரைப் பற்றிப் பேசினார்.

"கதவே இல்லாத ஊருங்க அது. யாரு வேணா வரலாம், யாரு வேணா போலாம். அங்க திருட்டு நடந்துதா? சண்டை நடந்துதா?"

ராஜகோபால் பொறுமையாகக் கேட்டார். "இவ்ளோ சொல்றீங்க கண்டக்டர் சார். படத்தைப் போட்டுக் காட்டுங்களேன். ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கே எல்லாரும் வந்துடலாம், புது டிவி சும்மாதான் இருக்குது. பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

பிரவீனா யூடியூபில் தேடி, முழுப் படத்தையும் இரண்டே நாளில் பிடித்துவிட்டாள்.

"ஒரு வாட்டி ஓட்டிப் பாத்துடலாம்பா. அப்புறம் எல்லார் முன்னாடியும் மாட்டிக்கினு முழிக்கக் கூடாது."

"எனக்கேவா? மனப்பாடம்மா அது."

ஞாயிறு மதியம் ராஜகோபால் வீட்டுக் கூடத்தில் முப்பது பேர். ஜன்னல்களுக்குத் திரை போட்டு, முறுக்கும் காபியும் கொடுத்தார்கள். படம் தொடங்கியது. இளவரசன் காட்டில் வழி தவறினான், அருவியைத் தாண்டினான். எதிரே, திரையை முழுவதும் அடைத்துக்கொண்டு, ஒரு கதவு.

இளங்கோவன் நாற்காலி நுனிக்கு வந்தார். இப்படி ஒரு கதவை அவர் பார்த்ததே இல்லை.

இரண்டு ஆள் உயரம், இரண்டு பக்கமும் யானைகள், மேலே வரிசையாக ஈட்டிகள். மீசை வைத்த காவலர்கள் கதவைச் சுற்றி ஆடினார்கள். உன் ஊர் எது, குலம் எது, பாட்டன் யார் என்று பாட்டாகவே விசாரித்தார்கள். இளவரசன் முத்திரை மோதிரத்தைக் காட்டினான், கதவு திறந்தது. அவனுக்குப் பின்னால் மோதிரம் இல்லாமல் நின்ற கும்பலை ஈட்டிக் கம்பால் நெட்டித் தள்ளினார்கள். அதில் ஒரு கிழவன் கரணம் அடித்துச் சேற்றில் விழுந்தான். நகைச்சுவைக் காட்சி. கூடம் கொல்லென்று சிரித்தது. கதவு மூடிக்கொள்ள, முகிலூரில் எல்லோரும் சமம் என்ற பாட்டு ஆரம்பித்தது. அங்கிருந்துதான் அவருக்கு மனப்பாடம்.

"கண்டக்டர் சார்," என்றார் ராஜகோபால். "டிசைன் பிரமாதமா இருக்குதே. பிரவீனா, ஒரு ஸ்கிரீன்ஷாட் எடும்மா. வெல்டிங்காரனுக்கு அனுப்பிடலாம்."

கதவுக்குச் சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். தூக்காத கைகள் இரண்டு, அப்பாவுடையதும் மகளுடையதும்.

இளங்கோவன் நேரே அக்கா வீட்டுக்கு நடந்தார். காமாட்சியம்மாள் காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்டதும் சிரிக்க ஆரம்பித்தவள், இருமல் வந்துதான் நிறுத்தினாள்.

"கதவு இல்லைன்னு எவன்டா சொன்னான்?"

"உனக்குத் தெரியுமா? நீ எங்கக்கா படம் பாத்த?"

"பாக்கல, கேட்டேன். டிக்கெட்டுக்காரன் சாப்பிடப் போற வரைக்கும் கொட்டாய்க்கு வெளியில நிப்போம். அவன் போனப்புறம் கீத்தைப் பிரிச்சி உன்னை உள்ள தள்ளுவேன். அதுக்குள்ள இருவது நிமிசம் ஓடிப்பூடும். நீ பட்டாணி தின்னுக்கினு இருப்ப. நான் கேட்டுக்கினே இருப்பேன். எந்தக் குலம், யாரு பாட்டன்னு அவனுங்க பாடறதெல்லாம் எனக்கு அத்துப்படி."

"உள்ள வந்திருக்கலாமே நீ."

"வயசுப் பொண்ணு பொந்துல பூந்து போவுமாடா?" தைலக் குப்பியை மூடினாள். "அது கெடக்கட்டும். அவங்க கிட்ட நீ என்னா சொன்ன? எங்க அக்கா வர்ற வழின்னு சொன்னியா?"

அவர் தைலக் குப்பியை எடுத்து மாடத்தில் வைத்தார்.

"சினிமாக் கதை சொன்னியாக்கும்."

பதினோரு தடவை பார்த்தும் புரியாதது அவருக்கு அப்போது கொஞ்சம் புரிந்திருக்கலாம். ஊர் எத்தனை நல்லதானாலும் அது ஒளிந்திருக்க ஒரு கதவு வேண்டும், அதற்கு வெளியே சிலர் நிற்க வேண்டும். ஐம்பது வருடம் கழித்துப் புரிந்ததைப் பெரிய ஞானம் என்று சொல்வதற்கில்லை. வெளியில் நின்றவளுக்கு முதல் நாளே தெரிந்த சங்கதி.

வெல்டிங்காரர் அளவெடுக்க வந்த அன்று, இளங்கோவன் தெருவின் பின்கோடியில் எல்லோருக்கும் முன்னால் சொன்னார். 

"இது எங்க அக்கா எங்க வீட்டுக்கு வர்ற வழி. நானும் அந்தக் காலனில பொறந்தவன்தான். உங்க எல்லாருக்கும் தெரியும்."

வெல்டிங்காரர் அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டார். பிறகு ராஜகோபால் அவர் தோளில் கை வைத்தார். "இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன சார்? அக்காவுக்குத் தனியா ஒரு சாவி குடுத்துடலாம்." எல்லோரும் தலையாட்டினார்கள். தங்கள் தாராள மனதை நினைத்துச் சிலருக்குக் கண்கூடக் கலங்கியது.

கதவு வந்தது. ஒரு பக்கம் மட்டும் யானை. இரண்டாவதற்குத் தகடு போதவில்லை. சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது காமாட்சியம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுநாளே பேருந்து நிலையத்தருகே சாவி போடுகிறவனிடம் போனாள்.

அடுத்த வாரம் முதல் காலனிக்காரர்கள் காலை ஐந்தரைக்கு வந்து கதவைத் திறந்தார்கள், மிகுந்த மரியாதையோடு பூட்டிவிட்டுப் போனார்கள். அடுத்தவர் வந்து திறந்தார், பூட்டினார். பால் வாங்க ஒருவர், கம்பெனி பஸ்ஸுக்கு நாலு பேர், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள். அத்தனை முறையும் இரும்பு அலறியது. பின்கோடியிலிருந்து மூன்றாவது வீடு ராஜகோபாலுடையது.

பத்தாம் நாள் அவர் சிவந்த கண்களோடு வந்து நின்றார்.

"கண்டக்டர் சார், அக்கா கிட்ட இருந்து அந்தச் சாவியைத் திருப்பி வாங்கிக் குடுத்துடுங்க."

"எந்தச் சாவியைங்க? அங்க நாப்பது இருக்குது."

"அப்ப பூட்டை மாத்திடறேன்."

"தாராளமா மாத்துங்க," என்றார் இளங்கோவன். "மறக்காம அக்காவுக்கு ஒரு சாவி குடுத்துடுங்க."