வடிவக்காவின் காது மிசின்

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து "பெற்றீசியா, நீயா இப்படி?" என்று கேட்கக் கூடாது. அட்டைக்குப் பயமில்லை. சிறுத்தைக்குக்கூட அவ்வளவு பயமில்லை. குளவி என்றால்தான் எனக்கு ஈரக்குலை நடுங்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே டயகமப் பக்கத்துத் தேயிலை மலையில் ஒருத்தியைக் குளவி கொட்டிக் கொன்றதை நான் பார்த்திருக்கிறேன். பார்க்காதவர்களுக்கு என்ன சொன்னாலும் புரியாது.

வடிவக்காவுக்கு அந்தப் பயமே கிடையாது. முழுப் பெயர் சண்முகவடிவு. பதினெட்டு வருடமாக என் நிரைக்கு அடுத்த நிரையில் கொழுந்து பறிக்கிறாள். சின்ன வயதில் காதில் சீழ் வடிந்து, கண்டதையெல்லாம் ஊற்றி, முப்பது வயதுக்குள் ஒரு காது முழுசாகப் போய்விட்டது. மற்றதில் முக்கால்வாசி போனது. புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. கைக்குழந்தை தனுஜா அழுதால் கேட்காதே என்று, குழந்தையின் காலில் ஒரு நூலைக் கட்டி, மறுமுனையைத் தன் விரலில் கட்டிக்கொண்டு தூங்கியவள் அவள். வாயசைவைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள். அவளைப் பற்றிப் புறம் பேசுவதென்றால் நாங்கள் முதுகைத் திருப்பிக்கொண்டுதான் பேச வேண்டும்.

போன வருடம் ஹட்டனில் நடந்த இலவச முகாமுக்கு தனுஜா அம்மாவை அழைத்துப்போய் காது கேட்கிற மிசினை வாங்கிக் கொடுத்தாள். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிற சின்னச் சாமான். பொட்டு அளவில் ஒரு பெற்றரி. அதை மாட்டிக்கொண்டு வடிவக்கா எங்கள் லயத்து வீட்டுப் படியில் நாலு தடவை ஏறி இறங்கினாள்.

"என் செருப்பு இவ்வளவு பேசுமாடி பெற்றீசு? இத்தன வருசமா யாரும் சொல்லலியே!"

எனக்கு அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது.

மலையில்தான் வில்லங்கம் ஆரம்பித்தது. வெயிலுக்குத் தலையில் துணி கட்டி, அதன்மேல் கூடைக் கயிற்றை மாட்டினால், அது மிசினை அழுத்தும். அழுத்தினால் மிசின் 'கீ' என்று கத்தும். பக்கத்து நிரைவரைக்கும் கேட்கும். எங்கள் கும்பலில் அம்மாக்கண்ணு என்று ஒருத்தி. இல்லாததையும் பொல்லாததையும் கிளப்பிவிடுவதில் கெட்டிக்காரி.

"இந்தச் சத்தம் குளவிக்கு ஆகாது, ஆமா! கூட்டுல இருக்கறத கெளப்பி விட்ரும்" என்றாள் அவள்.

நர்ஸ் சொன்னாளா, டாக்டர் சொன்னாரா? ஒருவரும் சொல்லவில்லை. ஆனாலும் நம்பினோம். எல்லோரையும்விட நான்தான் அதிகம் நம்பினேன். வடிவக்காவிடம் போய்ச் சொன்னதும் நான்தான்.

"மலையில மட்டும் கழட்டி வைங்கக்கா. நான் பக்கத்துலதானே இருக்கேன்? ஏதாச்சும்னா ஒங்க படங்கப் புடிச்சு இழுக்கறேன். மாதா மேல சத்தியம்."

படங்கு என்பது நனையாமல் இருக்க நாங்கள் இடுப்பில் சுற்றிக்கொள்கிற தடித்த விரிப்பு. தேநீருக்கும் கொழுந்து நிறுக்கவும் இரண்டு தடவை இழுப்பேன். குளவி என்றால் இழுத்துக் கீழே தள்ளி, இரண்டு பேரும் ஒரே படங்கைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட வேண்டும். அதுதான் பேச்சு. வடிவக்கா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மிசினைக் கழற்றி என் கையில் வைத்தாள். என் சுருக்குப் பையில்தான் அது இருக்கும். ஏழு மாதம் அப்படியே ஓடியது.

அன்றைக்குக் காலையில் பனி விலகி நல்ல வெயில். சவுக்கு மரத்துக் குளவிக் கூட்டைப் பருந்து ஒன்று தட்டிவிட்டுப் போனதாம். நான் அதைப் பார்க்கவில்லை. அம்மாக்கண்ணு "குளவீ!" என்று அலறியதுதான் கேட்டது.

ஓடினேன். கூடையைப் போட்டுவிட்டு, செருப்பு எங்கே கழன்றதென்றும் தெரியாமல், செடி கிழிக்கக் கிழிக்க ஓடினேன். பக்கத்து நிரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. றோட்டு மதகடிக்கு வந்துதான் நின்றேன். எல்லோரும் அங்கே மூச்சிரைத்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போது 'கீ' என்று ஒரு சத்தம்.

எல்லோரும் தலையைப் பொத்திக்கொண்டு குந்தினார்கள். நானும் குந்தினேன். சத்தம் என்னோடு சேர்ந்தே குந்தியது. என் இடுப்பிலிருந்துதான் வந்தது. காலையில் அவசரத்தில் நான் மிசினை நிறுத்தாமல் பையில் போட்டிருக்கிறேன்.

"தூக்கி எறிடி அத! இங்கயும் வந்துரும்!" என்று அம்மாக்கண்ணு கத்தினாள்.

கங்காணி சுதாகரன் எல்லோரையும் சுற்றிப் பார்த்தான். "வடிவு எங்க?"

பையிலிருந்து மிசினை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அடிப்பாவி" என்றான்.

திரும்பி ஏறினேன். பொய் சொல்லவில்லை, ஏறினேன். பத்தடி, பதினைந்தடி இருக்கும். மேலே இரைச்சல் கேட்டது. ஒரு தேயிலைச் செடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மாதாவே, மாதாவே" என்று சொல்லிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உரச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சுதாகரன் என்னைத் தாண்டி மேலே போனான். வடிவக்காவின் படங்கைப் பிடித்து அவன்தான் தரதரவென்று இழுத்துவந்தான். அவனுக்கும் ஏழெட்டுக் கொட்டு. அவள் முகத்தில் கண்ணும் மூக்கும் எங்கே என்றே தெரியவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உயிருக்கு இன்னும் ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள். இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன. காதும் இல்லை, வாயைப் பார்க்கக் கண்ணும் இல்லை. அந்த இருட்டுக்குள் அவள் எப்படிக் கிடந்தாளோ! அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். கேட்காது என்று தெரிந்துதான் சொன்னேன். வெட்கங்கெட்டவள் நான்.

என் கையைத் தடவிப் பார்த்து ஆள் யாரென்று கண்டுபிடித்துவிட்டாள்.

"பெற்றீசு... நீதானே படங்கப் புடிச்சு இழுத்த? தெரியும்டி எனக்கு" என்றாள் குழறியபடி.

நான் அவள் கையை இறுக்கிப் பிடித்தேன். ஆமாம் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் வீக்கம் வற்றி ஒரு கண் திறந்தது. பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொன்னார். இந்தப் பொய்யை இதற்குமேல் சுமக்க முடியாது என்று மிசினுக்குப் புதுப் பெற்றரி போட்டு எடுத்துப்போனேன். வீங்கின காதில் அதை மெதுவாகப் பொருத்தினேன். 'கீ' என்று கத்தி அடங்கியது.

"அக்கா, ஒங்கள இழுத்தது சுதாகரன். நான் ஓடிட்டேன்."

கேட்கவில்லையோ என்று மறுபடி சொல்ல வாயெடுத்தேன்.

"கேட்டுச்சு" என்றாள். "ஓடுனதுக்குக் கோவமில்லடி. நானா இருந்தாலும் ஓடியிருப்பேன்." திறந்திருந்த அந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள். "என் காதையும் தூக்கிக்கிட்டு ஓடிட்டியேடி."

இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தாள். இன்றைக்கும் எனக்கு அடுத்த நிரைதான். பேசுகிறோம், சிரிக்கிறோம், கொண்டுவந்த ரொட்டியைப் பிய்த்துத் தின்கிறோம். தலைத்துணிக்குள் மிசின் கத்தும்போதெல்லாம் எனக்கு ஈரக்குலை நடுங்குகிறது. அதைக் கழற்றி அவள் என்னிடம் கொடுப்பதே இல்லை.